கன்னிமுடி

விண்டர்கூமின் பெருமைகளைப் பற்றி, போன தலைமுறைப் பாதிரியார் ஒருவர் பதினாறு பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து வைத்திருக்கிறார். கோடைக்காலத்தில் குடையும் தொப்பியுமாக வந்து இறங்கும் பட்டணத்து ஆட்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஊரைச் சுற்றுவார்கள். கல்லறைத் தோட்டத்து யூ மரம் அதில் உண்டு. சிப்பாய்கள் கை உடைத்துவிட்டுப் போன கல் சிலுவை உண்டு, குற்றவாளியின் காலைப் பூட்டி வைத்த குளத்தங்கரைத் தொழுமரம் உண்டு, ஆற்றுத்துறை உண்டு. பன்னிரண்டாம் பக்கத்தில், 'கோயில் உத்திரத்தின் கீழே மாசற்ற கன்னியரின் நினைவாக இருபத்தெட்டுக் காகித மணிமுடிகள் தொங்குகின்றன' என்று ஒரே ஒரு வரி. மாசாம், அற்றதாம்! எழுதுகிறவர்களுக்கு என்ன, மையைத் தொட்டால் வந்துவிடுகிறது. அந்த இருபத்தெட்டாவது முடி மேலே போன கதையை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அது ராணியம்மாவின் பொன்விழா நடந்த வருஷத்துப் பனிக்காலம். ஆடு மேய்க்கும் அப்னேர் பிராக்னலின் ஒரே மகள் தெர்ஸா ஜனவரி பத்தொன்பதாம் தேதி மார்ச்சளியில் செத்துப்போனாள். வயது இருபத்தொன்பது. பெரிய பண்ணையின் பால்கொட்டிலில் வெண்ணெய் கடைகிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. மகளின் கண்ணை மூடிய கை ஈரம் காய்வதற்குள் தாய் டார்கஸ் சால்வையைப் போர்த்திக்கொண்டு பாதிரியார் வீட்டுக்கு நடந்தாள்.

"என் மகளுக்குக் கன்னிமுடி வேணும் ஐயா. முறைப்படி செய்யணும்" என்றாள்.

பாதிரியார் ஊருக்குப் புதுசு. "கட்டாயம் இல்லையே அம்மா, இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லையே" என்று இழுத்தார். கட்டாயம் இல்லைதான். கேட்டால்தான் முடி. கேட்காமல் எத்தனையோ பெண்கள் மண்ணுக்குள் போயிருக்கிறார்கள், அவர்களை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் கேட்டுவிட்டால் திரும்ப முடியாது. அதுதான் இந்த முறையிலுள்ள முள்.

ஹேஸல் மரக் குச்சியை வளைத்துக் கிரீடம் மாதிரிக் கட்டி, வெள்ளைக் காகிதப் பூ ஒட்டி, அதிலிருந்து ஐந்து காகிதக் கையுறைகளைத் தொங்கவிடுவார்கள். சவப்பெட்டிக்கு முன்னால் அது போகும். அடக்கம் முடிந்ததும் கோயிலின் மேல்மாடத்துக் கைப்பிடியில், ஆள் கைக்கு எட்டுகிற உயரத்தில், மூன்று ஞாயிற்றுக்கிழமை தொங்கும். 'இவள் கன்னியில்லை என்று சொல்ல நெஞ்சில் துணிவுள்ளவன் வந்து இந்தக் கையுறையை எடுக்கட்டும்' என்று அர்த்தம். மூன்றாவது ஞாயிறு பாதிரியார் வாய்விட்டுக் கேட்பார். யாரும் எழுந்திருக்காவிட்டால் உத்திரத்துக்குக் கீழே, மற்ற முடிகளின் வரிசையில் ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். அவ்வளவு உயரத்துக்கு எட்டும் முப்பது படி ஏணி ஊரில் ஒன்றே ஒன்றுதான், கூரைக்காரனிடம். அதனால் முடி ஏற்ற அவனைத்தான் கூப்பிடுவார்கள். இப்போதைய கூரைக்காரன் ஜேபஸ் பர்வர், கோயிலுக்கு வராமல் சேப்பல் என்ற தனி ஜெபவீட்டுக்குப் போகிற சேப்பல்காரன். அதற்கென்ன, ஏணிக்குச் சபை பேதம் உண்டா?

டார்கஸ் ஏன் அப்படி ஓடிப்போய்க் கேட்டாள் என்றால், அதற்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. ஊருக்குத் தெரிந்து ஒரு முடி கீழே வந்தது ஒரே ஒரு தடவைதான். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், மெர்ஸி என்று ஒரு பெண். இருபது வயது. மூன்றாவது ஞாயிறு பாதிரியார் கேட்டபோது ஒரு இளம் பெண் விறுக்கென்று எழுந்து, "அது பொய். அறுப்பு முடிஞ்ச ராத்திரி நான் என் கண்ணால பாத்தேன்" என்று சொன்னாள். சொன்னவள் புதுசாகக் கல்யாணமாகி வந்திருந்த டார்கஸ். முடியை இறக்கி, கோயில் பின்புறம் போட்டுக் கொளுத்தினார்கள். மெர்ஸியின் தாய் அதற்குப்பின் கோயில் வாசலை மிதிக்காமலே செத்தாள். தெர்ஸா பிறந்ததிலிருந்து, 'டார்கஸ் மகளைப் பாக்கத்தானே போறோம்' என்று ஊரில் ஒரு வார்த்தை உலவியது. அந்த வார்த்தையின் வாயை அடைக்கத்தான் டார்கஸ் முடி கேட்டாள். மனசார நம்பித்தான் கேட்டாள், பாவி.

முதல் ஞாயிறு நல்லபடியாகப் போனது. மறுநாள் திங்கட்கிழமை, துணி துவைக்கிற நாள். கொப்பரையில் வெந்நீர் கொதித்து அடுக்களை முழுக்க ஆவி. செத்தவளின் படுக்கை விரிப்பை டார்கஸ் பிழிந்துகொண்டிருந்தபோது பின்கதவில் ஜேபஸ் வந்து நின்றான். முழங்காலில் தோல் கட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். முப்பத்தாறு வயது ஆள், நெடுநெடுவென்று உயரம்.

"கூரைல ஒழுக்கு ஒண்ணும் இல்லையே ஜேபஸ்" என்றாள் டார்கஸ்.

"கூரைக்கு வரலைம்மா."

"பின்ன?"

"அந்த முடியை இறக்கச் சொல்லிருங்க."

"எந்த முடிய?"

அவன் தொப்பியைத் திருகினான். "நானும் தெர்ஸாவும் அஞ்சு வருஷமா... புருஷன் பொண்டாட்டி மாதிரிதாம்மா."

டார்கஸின் கையிலிருந்த விரிப்பு தரையில் விழுந்து தண்ணீர் தெறித்தது.

"வாயக் கழுவுடா! செத்தவ மேல சேறு வாரி இறைக்க வந்தியா? உங்க சேப்பல்ல இதைத்தான் கத்துக் குடுக்கறாங்களா?"

"சேறு இல்லம்மா. ஆத்துத்துறை வீட்டை மார்ச் இருபத்தஞ்சுக்கு எனக்குத் தரேன்னு பண்ணைக் காரியஸ்தர் சொல்லியிருந்தாரு. வீடு கைக்கு வந்ததும் உங்ககிட்ட வந்து கேக்கறதா இருந்தோம். அதுக்கு முன்னாடி தெரிஞ்சா 'எங்கம்மா என்னைக் குளத்துல தள்ளிருவா'ன்னு தெர்ஸா சொல்லுவா."

சொல்லியிருப்பாள். 'சேப்பல்காரனுக்குக் கட்டிக்குடுக்கறதுக்குக் குளத்துல தள்ளலாம்' என்று டார்கஸ் ஒருமுறை அல்ல, நாலைந்து முறை சொன்னதுண்டு.

"சும்மா இருந்துரலாம்னுதான் நினைச்சேன்" என்றான் ஜேபஸ். "நேத்து ஜெபம் முடிஞ்சு வர்றப்ப உங்க கோயில் கதவு திறந்து கிடந்துது. எட்டிப் பாத்தேன். அந்த அஞ்சு கையுறையும் காத்துல ஆடுது. எந்த ஆம்பளையும் இவளைத் தொட்டதில்லன்னு சொல்லுது. அப்ப நான் யாரும்மா? அஞ்சு வருஷம் நான் எங்க இருந்தேன்? பெட்டி தூக்க என்னைக் கூப்பிடல. கைல கறுப்புத் துணி கட்டிக்க முடியல. அழணும்னா பன்னிக் கொட்டகைக்குப் பின்னால போய் அழறேன். ஆத்தாளுக்கு அழுறவன், பொண்டாட்டிக்கு அழுறவன் எல்லாம் தெருவுல அழுறான். எனக்கு அழ ஒரு இடமில்ல."

"முடி இறங்காது" என்றாள் டார்கஸ்.

"அப்ப மூணாவது ஞாயித்துக்கிழமை நானே வந்து எந்திரிச்சு சொல்லிருவேன். அவமானத்துக்குச் சொல்லலம்மா. அவ என்னோடவ. அதைச் சொல்லணும்."

அவன் போன பிறகு டார்கஸ் முக்காலியில் உட்கார்ந்தாள். பொய், பொய் என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அவள் விரல்களுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. வியாழக்கிழமைகளில் தெர்ஸா தாமதமாக வருவாள். தலையில் ஒட்டியிருக்கும் வைக்கோலை டார்கஸ்தான் எடுத்துவிடுவாள். பால்கொட்டிலில் மாட்டுக்குப் போடுவது ஓட்ஸ் வைக்கோல், குட்டையாக, நைந்து கிடக்கும். மகளின் தலையிலிருந்து எடுத்ததெல்லாம் நீளமான, நனைத்து நீவி விட்ட கோதுமைத் தாள். கூரை வேய்கிறவனிடம் மட்டும் இருக்கிற தாள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? எடுத்து எடுத்து அடுப்பில் போட்டாளே, அஞ்சு வருஷம்! கர்த்தாவே, தெரிந்துதான் போட்டேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, ஈரத் தரையில் கிடந்த விரிப்பை எடுத்து மறுபடி அலசப் போட்டாள்.

மறுநாள் அவள் ரொட்டியும் வெங்காயமும் தகரப் போணியில் தேநீரும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். குட்டி போடுகிற காலம். அப்னேர் ராவும் பகலும் பட்டியிலேயே சக்கரம் வைத்த மரக்குடிலில் கிடந்தார். சுண்ணாம்புச் சேறு ஒவ்வொரு அடிக்கும் செருப்பில் அப்பியது. பட்டிக்குள் தட்டிகளை ஒட்டி வைக்கோல் அடைத்திருந்தது. அப்னேர் குத்தவைத்து, செத்துப்போன ஒரு குட்டியின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். அதைத் தாயில்லாக் குட்டி ஒன்றுக்குச் சட்டை போல மாட்டிவிட்டால், குட்டியைப் பறிகொடுத்த ஆடு மோந்து பார்த்துப் பால் கொடுக்கும்.

டார்கஸ் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அப்னேர் கத்தியை நிறுத்தவில்லை.

"உனக்குக் கேக்குதா இல்லையா?" என்று கத்தினாள்.

"கேக்குது. எனக்குத் தெரியும்" என்றார் அப்னேர்.

"என்ன தெரியும்?"

"மேட்டுல நிக்கறவனுக்கு ஊரே உள்ளங்கைல டார்கஸ். வியாழக்கிழமை பால்கொட்டில விட்டு வருவா. வீட்டுப் பக்கம் திரும்பாம அவன் தாள் முற்றத்துப் பக்கம் திரும்புவா. ஓடுவாடி! அந்த வயசுல, பால்குட்டி மாதிரி ஓடுவா."

"பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தியா? நீயெல்லாம் ஒரு அப்பனா?"

"உன்கிட்ட சொல்லியிருந்தா ஓட விட்டிருப்பியா?"

கிழவர் தோலைக் குட்டியின் முதுகில் இழுத்துவிட்டுக் கால்களை ஓட்டைகளில் நுழைத்தார். அது நடுங்கிக்கொண்டு நின்றது.

"இறக்கிரு. பாதிரியார்கிட்ட போய் வேண்டாம்னு சொல்லிரு" என்றார்.

"எப்படி இறக்க? இறக்கினா ஒத்துக்கிட்ட மாதிரி. நான், மெர்ஸி முடியைக் கொளுத்த வச்சவ, என் மக முடியை நானே இறக்கவா? ஊரே கைகொட்டிச் சிரிக்காதா?"

"அன்னிக்கு நீ எந்திரிச்சப்ப உன் பாவாடையைப் பிடிச்சு இழுத்தேன். ஞாபகம் இருக்கா? தட்டி விட்ட."

"இப்ப எதுக்கு அது? நீ போய் அவன்கிட்ட பேசு. ஆம்பளைக்கு ஆம்பளை சொன்னாக் கேப்பான்."

"என்னன்னு பேச? உனக்கும் என் மகளுக்கும் ஒண்ணுமில்லன்னு வச்சுக்கடா, அப்படின்னா? அதுக்கு எனக்கு வாய் வராது டார்கஸ்." அப்னேர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணிலிருந்து நீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "அவ சந்தோஷமா இருந்தா. நம்ம வீட்டுல அதை நான் ஒருத்தன்தான் பாத்தேன்."

இரண்டாம் ஞாயிறு நல்ல மழை. பிரசங்கம் முழுவதும் டார்கஸ் முடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத்தில் ஒரு கையுறையின் விரல்கள் சுருண்டிருந்தன. வெளியே வந்தபோது யூ மரத்தடியில் ஜேபஸ் நனைந்துகொண்டு நின்றான். தெர்ஸாவின் மண்மேட்டைப் பார்த்தபடி, ஆனால் அதன் பக்கத்தில் போகாமல். யாரோ அவனிடம், "என்னப்பா சேப்பல்ல கூரை ஒழுகுதா, இங்க ஒதுங்கியிருக்க?" என்று கேலி செய்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் டார்கஸ் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

புதன்கிழமை பக்கத்து வீட்டு செலினா ரொட்டி மாவுக்கு நொதி கொண்டுவந்தாள். ஊரில் செத்தவர்களைக் குளிப்பாட்டுவதும், முடி கட்டுவதும் செலினாதான். தெர்ஸாவின் முடியும் அவள் கட்டியதுதான். மெர்ஸி அவளுடைய தங்கை. முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததே இல்லை. நொதி கொடுப்பார்கள், முட்டை வாங்குவார்கள், மழையைத் திட்டுவார்கள், அவ்வளவுதான்.

செலினா போகாமல் கதவருகே நின்றாள். "நீ சரியா சாப்பிடறதில்ல போலிருக்கே. கன்னம் ஒட்டிப்போச்சு."

"பசிக்கல."

"இந்தா பாருடி டார்கஸ். மூணாவது ஞாயித்துக்கிழமைய நினைச்சுப் பயப்படாத. நான் வாயத் திறக்க மாட்டேன்."

டார்கஸ் நொதிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நீ எதுக்கு வாயத் திறக்கணும்?"

"அடியே, குளிப்பாட்டுனது நான். அவ கழுத்துல கயிறு கட்டி ஒரு மோதிரம் தொங்கிச்சு. மாட்டுக் கொம்புல செதுக்குனது. அதை அவுத்து அவ உள்ளங்கைல வச்சு மூடித்தான் பெட்டிக்குள்ள விட்டேன். யாரு செதுக்கியிருப்பான்னு எனக்குத் தெரியாதா? ஊருல பாதிப் பேருக்குத் தெரியும். ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

"ஏன்?" என்றாள் டார்கஸ். "நான் சொன்னேனே. உன் தங்கச்சிக்கு நான் சொன்னேனே. நீ ஏன் சொல்ல மாட்ட?"

"சொன்னா மெர்ஸி வந்துருவாளா?" செலினா இடுப்பில் கட்டியிருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டாள். "உன் மக ஒரு தப்பும் பண்ணலடி. என் தங்கச்சியும் பண்ணல. மாவைப் பிசை, நொதி ஆறிப்போகும்."

அப்படிச் சொல்லிவிட்டுப் போனவளை டார்கஸால் ஏசவும் முடியவில்லை, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கவும் முடியவில்லை. அன்று சுட்ட ரொட்டி கல்லாகப் போயிற்று. ஊர் வாய் அடைபட்டாயிற்று. இனி ஒரே ஒரு வாய்தான் பாக்கி.

வெள்ளிக்கிழமை அவள் பெரிய பண்ணைக்குப் போனாள். களஞ்சியத்தின் வடபுறக் கூரைக்கு ஜேபஸ் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். முப்பது படி ஏணியின் உச்சியில் முழங்காலை ஊன்றி, ஈரத் தாளை அடுக்கி, ஹேஸல் முளையை வளைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. டார்கஸ் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"ஜேபஸ், கொஞ்சம் இறங்கு."

"அங்கிருந்தே சொல்லுங்கம்மா. தாள் காஞ்சுரும்."

"உண்மைதான். நீ சொன்னது உண்மை. எனக்குத் தெரியும். போதுமா?"

சுத்தியல் நின்றது. அவன் இறங்கவில்லை. ஆனால் முளையைக் கீழே வைத்தான்.

"நீ கோயில்ல எந்திரிச்சுச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றாள் டார்கஸ். "உன்னை எவனும் மாப்பிள்ளைன்னு கூப்பிடப் போறதில்ல. சாராயக் கடைல உக்காந்து, எங்க, எப்ப, எத்தனை தடவைன்னு கேப்பானுங்க. தாள் குவியல்லயாடான்னு கேப்பானுங்க. சிரிப்பானுங்க. மெர்ஸிய அப்படித்தான் பேசினாங்க. பத்து வருஷம் பேசினாங்க. நான்தான் பேச வச்சேன், எனக்குத் தெரியும். தெர்ஸா பேரு அந்த வாய்ல எல்லாம் விழணுமா? சொல்லு."

"அப்ப என் பேரு எந்த வாய்ல விழணும்மா?"

"உன் கால்ல வேணா விழறேன்."

"வேண்டாம், வேண்டாம். எந்திரிங்க." அவள் விழவில்லை. அவன் அப்படி நினைத்துக்கொண்டு இரண்டு படி இறங்கிவிட்டான். அங்கேயே நின்று கேட்டான், "கடைசில ஏதாச்சும் சொன்னாளா?"

அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று டார்கஸ் ஒரு கணம் தயங்கினாள். சொன்னால் அவனுக்கு உரிமை கூடிவிடும் என்று பயம். ஆனாலும் சொன்னாள். "காய்ச்சல்ல பிதற்றினா. சிம்னி புகையுதா பாரு, புகைஞ்சா அவருக்கு இருமல் வரும்னு. நம்ம வீட்டுச் சிம்னி நல்லாத்தானே இருக்கு, யாருக்கு இருமல்னு நினைச்சேன்."

ஜேபஸ் நெற்றியை ஏணிப் படியில் வைத்துக்கொண்டான். ஆற்றுத்துறை வீட்டின் சிம்னி அடைத்துக் கிடந்ததை ஊரே அறியும். அவன் தோள் குலுங்குவது ஏணி வழியாக டார்கஸின் கைக்குத் தெரிந்தது. ரொம்ப நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மணியடிக்கற கோயில்பிள்ளை நேத்து வந்து ஞாயித்துக்கிழமைக்கு ஏணி வேணும்னு சொல்லிட்டுப் போனாரு" என்றான் பிறகு, மூக்கைச் சிந்திவிட்டு. "என்கிட்டயே கேக்கறாரு பாருங்க."

"நீ என்ன சொன்ன?"

"வரேன்னேன். வருவேன். வந்து என்ன செய்வேன்னு எனக்கே தெரியல. என்கிட்ட சத்தியம் கேக்காதீங்கம்மா, தர மாட்டேன்."

மூன்றாம் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். அப்னேர் பட்டியை இன்னொருவனிடம் விட்டுவிட்டு, கறுப்புக் கோட்டு போட்டு, ஆட்டு மயிர் வாசனையோடு டார்கஸின் பக்கத்தில் உட்கார்ந்தார். செலினா எதிர் பெஞ்சில். கடைசி பெஞ்சில், வாசல் தூணோரம், ஜேபஸ் பர்வர். சேப்பல்காரன் கோயிலுக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஊர்த் தலைகள் திரும்பிக்கொண்டே இருந்தன.

பிரசங்கம் எதைப் பற்றி என்று டார்கஸுக்குத் தெரியாது. பாதிரியார் கடைசியில் பீடத்திலிருந்து இறங்கி, முடியின் அடியில் வந்து நின்று, பழைய ஏட்டைப் பார்த்து வாசித்தார்.

"இந்தத் திருச்சபையில் பிறந்து, ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்று, கன்னியாக மரித்த தெர்ஸா பிராக்னலுக்காக இந்த முடி மூன்று ஞாயிறு தொங்கியது. அவளுக்கு இது தகாது என்று சொல்வார் எவரேனும் உண்டானால், எழுந்து இந்தக் கையுறையை எடுக்கட்டும்."

ஒரு இருமல் இல்லை. வெளியே யூ மரத்தில் காக்கை கத்தியது. டார்கஸ் எண்ண ஆரம்பித்தாள். ஏழு, எட்டு. செலினா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று.

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது.

கோயிலே திரும்பிப் பார்த்தது. ஜேபஸ் எழுந்து நின்றான். தொப்பி இரண்டு கையிலும் இருந்தது. அவன் முடியைப் பார்த்தான், பிறகு நேராக டார்கஸைப் பார்த்தான். அவனுடைய தாடை இரண்டு தடவை அசைந்தது, சத்தம் வரவில்லை. டார்கஸின் கை அப்னேரின் கையைத் தேடியது. கிடைக்கவில்லை, அவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏணி வெளிய இருக்குங்க ஐயா" என்றான் ஜேபஸ். "எடுத்துட்டு வரட்டுமா?"

பாதிரியார் தலையசைத்தார். செலினா முகத்தை மூடிக்கொண்டாள்.

ஏணியை உத்திரத்தில் சாய்த்து, முடியை இடது கையில் பிடித்து, ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினான். மற்ற இருபத்தேழும் தூசியும் ஒட்டடையுமாகப் பழுத்துத் தொங்கின. அவற்றின் பக்கத்தில் இந்தப் புது வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. அவன் ஆணியை நாலே அடியில் இறக்கிவிட்டான், தினமும் செய்கிற வேலைதானே. முடியை மாட்டினான். அதன் கீழே 'தெர்ஸா பிராக்னல், கன்னி, வயது 29' என்று எழுதிய சின்ன மரப்பலகையை மாட்டினான். சுருண்டுபோயிருந்த கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டான். கீழே இருந்தவர்களுக்கு அது வேலைக்காரனின் சுத்தமாகத் தெரிந்தது. "சேப்பல்காரனா இருந்தாலும் கை சுத்தம்" என்று ஒரு பெரியவர் மெச்சினார்.

டார்கஸ் ஜெயித்துவிட்டாள். நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவன் படி படியாக இறங்கி வருவதைப் பார்க்கப் பார்க்க, அந்தக் கல் வேறு எங்கோ போகவில்லை, அவன் தலையில்தான் ஏறியிருக்கிறது என்று புரிந்தது. இத்தனை பேர் பார்க்க, தன் கையாலேயே தன்னை இல்லையென்று எழுதி ஆணியடித்துவிட்டு வருகிறான்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் அவளைச் சூழ்ந்தார்கள். கையைப் பிடித்தார்கள், 'ஆண்டவர் உன் மானத்தைக் காத்தார்' என்றார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு, சுவரோரம் ஏணியைக் கிடத்திக்கொண்டிருந்த ஜேபஸிடம் போனாள்.

"ஜேபஸ், வீட்டுக்கு வா. பன்னிக்கறி உருளை வேகுது. சாப்பிட்டுட்டுப் போ."

அவன் நிமிர்ந்தான். கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"யாருன்னு சொல்லி உக்கார வைப்பீங்கம்மா?"

ஒரு வார்த்தைதான். டார்கஸின் நாக்கு நுனியில் வந்து நின்றது. மருமகனே என்று மெதுவாகச் சொன்னால்கூடப் போதும், அவனுக்கு மட்டும் கேட்டால் போதும். அவள் வாயைத் திறந்தாள்.

"யாரை விருந்துக்குக் கூப்பிடுகிறீர்கள், பிராக்னல் அம்மா?" பாதிரியாரின் மனைவி சிரித்த முகத்தோடு பின்னால் வந்து நின்றாள்.

"ஏணி கொண்டுவந்த ஆளுங்கம்மா" என்றாள் டார்கஸ். "வேலை செஞ்சவரை வெறும் வயித்தோட அனுப்பக்கூடாதில்லையா."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஜேபஸ் பாதிரியார் மனைவிக்குத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னான்.

"ஆமாங்கம்மா, ஏணிக்காரன்தான்" என்றான். "எனக்குப் பசியில்ல, நீங்க போங்க."

அவன் குனிந்து ஏணியின் முன்பகுதியைத் தோளில் ஏற்றினான். முப்பது படி ஏணி, இரண்டு ஆள் சுமை. வரும்போது கோயில்பிள்ளை பின்பாரம் பிடித்து வந்திருந்தார். இப்போது அவர் மணிக்கூண்டில் இருந்தார். வேறு யாரும் அசையவில்லை, ஞாயிற்றுக்கிழமை கோட்டு அழுக்காகுமே. ஏணியின் வால் சேற்றில் இழுபட்டது.

அப்னேர் கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். டார்கஸைத் தாண்டித்தான் போனார், அவளைப் பார்க்கவில்லை. குனிந்து ஏணியின் பின்பகுதியைத் தூக்கித் தன் கறுப்புக் கோட்டின் தோளில் வைத்துக்கொண்டார். முன்னால் இருந்தவன் பாரம் குறைந்ததை உணர்ந்து திரும்பிப் பார்த்தான்.

"நடடா மகனே" என்றார் கிழவர், ஊருக்கே கேட்கும்படி. "ஆத்துத்துறை வரைக்கும் வரேன்."

இருவரும் கல் சிலுவையைத் தாண்டி, குளத்தைச் சுற்றி, இறக்கத்தில் போனார்கள். ஊர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. பிறகு ஒவ்வொருவராகக் கலைந்து சாப்பாட்டுக்குப் போனார்கள். டார்கஸ் சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.